சக்கரமும் பனைமரமும்: கட்டமைப்புவாதத்தின் கேள்வியும் தமிழ்ப் பரிசோதனை அரங்கும்

மறைமலைநகர் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது கார்த் தொழிற்சாலைதான். சென்னையின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு உருவாக்கிய துணைநகரம் அது. 1990களின் பிற்பாதியில் ஃபோர்டு நிறுவனம் அங்கே கார் தயாரிக்கத் தொடங்கியது. 2022இல் கடைசிக் காரை வெளியே அனுப்பிவிட்டு உற்பத்தியை நிறுத்தியது. ஊருக்குப் பெயரான மறைமலையடிகளைத் தனித்தமிழ் இயக்கத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். அவர் காளிதாசரின் சாகுந்தலத்தை 1907இல் தமிழாக்கியவர், அந்த நாடகத்தைப் பற்றித் தனி ஆராய்ச்சி நூலும் எழுதியவர். நாடகத்தைப் படித்துச் சுவைக்கும் இலக்கியமாகக் கண்ட தலைமுறை அவருடையது. இந்த ஊருக்கு மேற்கே பாரதக் கூத்து இன்னும் நடக்கும் கிராமங்கள் இருக்கின்றன. கிழக்கே மாமல்லபுரமும், கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் சோழமண்டலம் ஓவியர் கிராமமும் இருக்கின்றன. இலக்கிய நாடகம், கூத்து, நவீன ஓவியம், தொழிற்சாலை என்ற நான்கும் அரை நாள் பயணத்துக்குள் அடங்கிவிடும் வட்டாரம் இது.

கட்டமைப்புவாதம் என்ற ரஷ்யக் கலை இயக்கத்தைப் பற்றிப் பேச இந்த வட்டாரம் ஏற்றது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு இயங்கிய தமிழ் நாடகக் குழு என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் அந்த இயக்கம் எழுப்பிய கேள்வியை 1970களுக்குப் பின் வந்த தமிழ் நாடகக்காரர்கள் தங்கள் வழியில் எதிர்கொண்டார்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு பாதிகள் உண்டு. மேடையில் நிற்கும் பொருளை வைத்து நடிகர் என்ன செய்கிறார் என்பது ஒன்று. அவருடைய உடல் யாருடைய உழைப்பை அறிந்த உடல் என்பது இன்னொன்று. முதல் பாதிக்குத் தமிழ் அரங்கு செழிப்பான விடை கண்டது. இரண்டாம் பாதியை வேறொரு சாராரிடம் விட்டுவிட்டது. இரண்டு விடைகளும் ஒரே களத்தில் சந்தித்த தருணங்கள் குறைவு.

மாஸ்கோ, 1922

1922 ஏப்ரல் 25 அன்று மாஸ்கோவில் நாடக இயக்குநர் மெயர்ஹோல்ட் ஒரு நாடகத்தை அரங்கேற்றினார். பெல்ஜிய எழுத்தாளர் குரோம்லின்க் எழுதிய கேலி நாடகம். மில் ஒன்றில் வாழும், சந்தேகப் பேய் பிடித்த ஒருவன் தன் மனைவியைப் படுத்தும் பாடு கதை. மேடையில் மில்லும் இல்லை, வீடும் இல்லை. ஓவியர் லியுபோவ் போப்போவா மரச்சட்டங்களைக் கொண்டு ஒரு சாரம் கட்டியிருந்தார். அதில் படிக்கட்டுகள், சறுக்குப் பலகை, சுழலும் கதவு, பல அளவுகளில் சக்கரங்கள். திரை கிடையாது, பின்சுவரின் செங்கல் அப்படியே தெரிந்தது. நடிகர்கள் ஒப்பனை இல்லாமல், தொழிலாளர் அணியும் நீல உடையில் வந்தார்கள். நாயகனின் பொறாமை ஏற ஏற, பின்னால் சக்கரங்கள் வேகம் கூட்டிச் சுழன்றன. அவன் மனத்தில் நடப்பதைச் சொல்ல முகபாவம் தேவைப்படவில்லை, சக்கரம் சொன்னது.

அந்தச் சாரம் எதையும் சித்திரிக்கவில்லை. நடிகர் ஏற, சறுக்க, தொங்க, மோத அது ஒரு கருவி. அதற்கு முந்தைய ஆண்டுதான் போப்போவாவும் ரோத்சென்கோ, ஸ்தெபானோவா முதலியவர்களும் மாஸ்கோவில் ஒரு கண்காட்சி நடத்தி, சுவரில் மாட்டும் ஓவியத்துக்கு விடைகொடுத்திருந்தார்கள். இனி கலைஞன் பயன்படும் பொருளைச் செய்பவன் என்பது அவர்கள் முடிவு. ஸ்தெபானோவா 1922இலேயே இன்னொரு மெயர்ஹோல்ட் நாடகத்துக்கு, உட்கார்ந்தால் குலையும், திறந்தால் ஆளை விழுங்கும் நாற்காலி, பெட்டிகளைச் செய்தார். 1923இல் வெஸ்னின், இயக்குநர் தாய்ரோவின் அரங்குக்கு ஒரு நகரத்தையே சட்டக் கூடாக நிறுத்தினார்.

கருவி மாறினால் அதைக் கையாளும் உடலும் மாற வேண்டும். அதற்காக மெயர்ஹோல்ட் வகுத்த பயிற்சிக்கு உயிர்விசையியல் என்று பெயர். வில் எய்தல், கல் எறிதல், கன்னத்தில் அறைதல், கத்தியால் குத்துதல் போன்ற செயல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துப் பழக்கினார். முன்னால் போகுமுன் உடல் ஒரு கணம் பின்வாங்கும், பிறகு செயல், பிறகு நிலைகொள்ளல். இதற்கு அவர் முன்மாதிரியாக எடுத்தவற்றுள் ஒன்று அமெரிக்கத் தொழிற்சாலை. தொழிலாளியின் அசைவுகளை நேரம் வைத்து அளந்து வீண் அசைவைக் களைந்த டெய்லரின் முறை அன்றைய சோவியத் நாட்டில் பெரும் மோகமாக இருந்தது. கவிஞர் காஸ்தெவ் அதற்கென 1920இல் ஒரு தொழிலியல் நிறுவனமே தொடங்கினார். ஹென்றி ஃபோர்டு 1913இல் ஓடவிட்ட அசெம்ப்ளி லைன் அங்கே வருங்காலத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. தேர்ந்த தொழிலாளியின் அசைவில் தாளமும் சமநிலையும் இருக்கின்றன, நடிகன் அதைக் கற்கட்டும் என்றார் மெயர்ஹோல்ட்.

இந்த நம்பிக்கையில் ஒரு குருட்டுத்தனமும் இருந்தது. டெய்லர் முறை யாருக்கு லாபம் தந்தது, யாருடைய முதுகை முறித்தது என்ற கேள்வியை அது தள்ளிவைத்தது. ஆனால் அரசு மெயர்ஹோல்ட் மீது கைவைத்தது இதற்காக அல்ல. சோஷலிச யதார்த்தவாதம் அரசுக் கொள்கையானபின், வடிவத்தில் விளையாடியதே குற்றமாயிற்று. 1938இல் அவருடைய அரங்கு மூடப்பட்டது. 1939இல் கைதானார், 1940 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். போப்போவா அதற்கு வெகுமுன்பே, 1924இல் காய்ச்சலில் இறந்திருந்தார்.

தமிழ் மேடையில் ஒளிந்திருந்த இயந்திரம்

அதே காலத்தில் தமிழ் மேடையில் இயந்திரம் இல்லாமல் இல்லை. பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்துக் கற்ற சீன் படுதாக்களும் தந்திரக் காட்சிகளும் இங்கே ஊன்றியிருந்தன. நவாப் ராஜமாணிக்கத்தின் 'தசாவதாரம்' காட்சியமைப்புக்காகவே கூட்டம் சேர்த்தது. பிறகு ஆர்.எஸ். மனோகர் புராண நாடகங்களில் மேடைத் தந்திரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார். கப்பியும் கயிறும் பொறியும் அங்கே கடுமையாக உழைத்தன. ஆனால் அவை கண்ணில் படக் கூடாது; பட்டால் மாயம் கலைந்துவிடும். போப்போவாவின் சக்கரத்துக்கு நேரெதிரான அழகியல் இது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் வழியில் வந்த சபா நாடகம், காலப்போக்கில் ஒரு சோபா, ஒரு டெலிபோன், வசனம் என்று சுருங்கியது. பொருளும் உடலும் சும்மா இருக்க, நாக்கு மட்டும் வேலை செய்யும் மேடையாக அது ஆனது. 1970களில் கிளம்பிய புதிய நாடகக்காரர்களின் கோபம் முதலில் இந்த மேடை மீதுதான்.

கூத்துக்களத்துச் சாரம்

மாற்று எங்கே என்று தேடியவர்களுக்குத் தொண்டைமண்டலத்துக் கிராமங்கள் கிடைத்தன. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் இரவு கூத்து. பகலில் சில நிகழ்வுகள் ஊரின் திறந்த வெளிக்கே வந்துவிடும். அவற்றுள் இரண்டு, மேடைக் கட்டமைப்பைப் பற்றி யோசிப்பவர் தவறவிடக் கூடாதவை.

ஒன்று அர்ச்சுனன் தபசு. ஒரு நெடிய பனைமரத்தை நட்டு, ஏறுவதற்குப் படிபோலக் கட்டைகள் பொருத்தி, உச்சியில் தட்டு அமைப்பார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் ஒவ்வொரு படிக்கும் பாடிக்கொண்டே ஏறுவார். கயிலாயத்துக்குப் போகும் வழி அந்த மரம். மலையைப் போல அது வரையப்பட்டிருக்காது. ஏறும் உடலின் சிரமம்தான் அதை மலையாக்கும். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சைக்கும் விபூதிக்கும் கீழே பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் காத்திருப்பார்கள். இன்னொன்று படுகளம். மண்ணைக் குவித்து, தரையில் படுத்த நிலையில் துரியோதனனின் பேருருவைச் செய்து, அதன் மேலும் சுற்றியும் பீமனும் துரியோதனனும் ஓடி ஓடிச் சண்டையிடுவார்கள். பாத்திரமும் களமும் அங்கே ஒன்று. பார்வையாளர் உட்கார்ந்திருக்க முடியாது. விலகி, நெருங்கி, கூடவே ஓட வேண்டும்.

மாமல்லபுரத்தில் ஒற்றைக்காலில் தவம் செய்யும் உருவம் உள்ள பெரும்பாறைச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்கிறோம். பகீரதன் தவம் என்போரும் உண்டு. அந்தக் கல்லுக்கும் பனைமரத்துக்கும் நேர்த்தொடர்பு இருக்கிறது என்று சொல்ல ஆதாரம் வேண்டும். ஆனால் சிற்பி உறைய வைத்த தவத்தைக் கூத்துக்காரர் வேலையாக மாற்றுகிறார் என்பது கண்ணால் காணக்கூடியது. கூத்தின் மற்ற உறுப்புகளும் அப்படித்தான். இரண்டு பேர் பிடிக்கும் ஒரு துணி, திரை. ஒரு விசுப்பலகை அரியணையாகும், தேராகும். கிரீடமும் புஜக்கட்டையும் மரத்தால் ஆனவை. அந்தக் கனத்தைச் சுமந்து கிரிக்கி அடித்துச் சுழல்வதற்கு உடல் பழக வேண்டும். எதுவும் மறைக்கப்படுவதில்லை. கட்டியக்காரன் கதைக்குள்ளும் வெளியிலும் நின்று பேசுகிறான்.

மெயர்ஹோல்ட் சந்தையரங்கிலும் கிழக்காசிய நாடகங்களிலும் தேடிய குணங்கள் இவை. இங்கே அவை கோயில் முறைமையோடும், முறை வைத்து ஆடும் குடும்பங்களோடும், ஊரின் சாதி ஒழுங்கோடும் பின்னிக் கிடந்தன. இந்தப் பிணைப்பைப் புதிய நாடகக்காரர்கள் எல்லோரும் ஒரே அளவில் கவனித்தார்கள் என்று சொல்ல முடியாது.

கூத்துப்பட்டறை: உடல் திரும்பி வந்த இடம்

சென்னையில் புரிசைக் கூத்தைப் பார்த்த அனுபவம் ந. முத்துசாமியைத் திருப்பிப் போட்டது. சிறுகதைக்காரராக அறியப்பட்டவர், 1960களின் இறுதியிலேயே நாடகம் எழுதத் தொடங்கியிருந்தார். செய்யாறு பக்கத்துப் புரிசையின் தம்பிரான் குடும்பத்துக் கூத்தில், தான் எழுதும் நாடகத்துக்கான நடிகனைக் கண்டார். கூத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 'அன்று பூட்டிய வண்டி' என்ற நூலாயின. 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியது. சிலம்பம், களரி, கூத்தின் அடவு ஆகியவை நகரத்து நடிகரின் அன்றாடப் பயிற்சியாயின. மரச் சாரமும் நீல உடையும் இங்கு வரவில்லை. ஆனால் நடிப்பு என்பது மனத்தில் உணர்ச்சியைத் தூண்டி முகத்தில் காட்டுவது என்ற நம்பிக்கை உடைந்து, உடலின் கைவினையாக ஆனது. மெயர்ஹோல்ட் வில் எய்யும் பயிற்சிக்கு எங்கிருந்தோ வில்லைக் கொண்டுவந்தார்; கூத்துப்பட்டறையின் வில் பக்கத்து மாவட்டத்தில் அர்ச்சுனன் கையில் இருந்தது.

மேடைப் பொருளும் பேச ஆரம்பித்தது. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்' நாடகத்தில் நாற்காலி தட்டுமுட்டுச் சாமான் அல்ல. அதைச் சுற்றித்தான் நாடகமே நகர்கிறது. 'சுவரொட்டிகள்' அன்றாட அரசியலின் காகிதத்தையே வடிவமாக எடுத்தது. 'படுகளம்' களத்தின் பெயரையே சூட்டிக்கொண்டது. சென்னைக் கலைக் கல்லூரி வழிவந்த ஓவியர்கள் இதில் நெருங்கிப் பங்கெடுத்தார்கள். பி. கிருஷ்ணமூர்த்தியும் மு. நடேஷும் காட்சியமைப்பு, உடை, ஒளி ஆகியவற்றை ஓவியரின் சிந்தனையோடு அணுகினார்கள். ரஷ்யாவில் போப்போவா செய்ததைப் போலவே, தமிழிலும் மேடையை மாற்றியதில் ஓவியருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியோடு கூத்துப்பட்டறை முழுநேர நடிகர்களைக் கொண்ட குழுவாயிற்று. சிறுபத்திரிகைகளில் இதற்கு எதிராகக் கடுமையான குரல்கள் எழுந்தன. அறக்கட்டளை வேறு, கார் நிறுவனம் வேறு. ஆனால் செல்வத்தின் ஊற்று அசெம்ப்ளி லைன்தான். அந்தப் பணம் ஒரு நல்ல காரியம் செய்தது: நடிகருக்கு மாதச் சம்பளமும், நாள்முழுக்கப் பயிற்சி செய்ய நேரமும் கிடைத்தன. பசுபதி, கலைராணி போன்றோரின் உடல்மொழி அந்த நேரத்தின் விளைச்சல். அது செய்யத் தவறியதும் தெரிகிறது: பயிற்சிபெற்ற அந்த உடல், சமகாலத் தொழிலாளியின் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. முத்துசாமியின் நாடகங்களில் நடுத்தர வர்க்கத்தின் சலிப்பும் அதிகாரத்தின் அபத்தமும் உண்டு. பட்டறைத் தொழிலாளி அரிது.

சோழமண்டலம், 1980

இரண்டாவது ஊற்று வங்கத்திலிருந்து வந்தது. 1980இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பயிலரங்கு தமிழ் நவீன நாடகத்தின் திருப்புமுனைகளில் ஒன்று. கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் நிறுவிய அந்த ஓவியர் கிராமம் அன்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் இருந்தது. நகரத் திட்டமிடல் பொறியாளரான சர்க்கார், படச்சட்ட மேடையைத் துறந்து, பார்வையாளரோடு ஒரே தரையில் நிகழும் மூன்றாம் அரங்கை உருவாக்கியவர். டிக்கெட், விளக்கு, ஒப்பனை, காட்சியமைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழித்தார். எஞ்சியது கூட்டாக இயங்கும் உடல்கள். உடல்களே சுவராகும், மரமாகும், பேருந்தாகும். அவர் போலந்து நாடக இயக்குநர் குரோட்டோவ்ஸ்கியிடமிருந்து கற்றார். குரோட்டோவ்ஸ்கியோ 1950களில் மாஸ்கோவில் படித்து, மெயர்ஹோல்ட் விட்டுச்சென்றதைத் தேடிப் பிடித்தவர். அந்த வகையில் 1922இன் மாஸ்கோ, சாரத்தையும் சக்கரத்தையும் வழியில் உதறிவிட்டு, மனித உடலாக மட்டும் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.

இதன் பலனும் இதற்கு இணையான தேடல்களும் பல திசைகளில் தெரிந்தன. ஞாநி 1978இல் தொடங்கிய பரீக்‌ஷா, செலவில்லாத நாடகத்தை நகரின் சிறு கூடங்களில் இடைவிடாமல் நடத்தியது. மதுரையில் மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம் தெருவிலும் மேடையிலும் இயங்கியது. சோஃபோக்ளிஸின் 'அந்திகோன்' அங்கே 'துர்க்கிர அவல'மாயிற்று. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிலரங்கிலிருந்து கிளைத்த இன்னொரு மரபில், சே. இராமானுஜம் யூரிப்பிடிஸின் 'டிராய்ப் பெண்கள்' நாடகத்தை ஒப்பாரியின் வழியே 'வெறியாட்ட'மாக்கினார். புதுச்சேரியில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் அமைந்த நிகழ்கலைப் பள்ளி இந்தத் தேடல்களுக்குக் கல்விக்கூடமாயிற்று. கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' தலித் அரங்கின் குரலையும், அ. மங்கை இயக்கிய 'பச்ச மண்ணு', 'அவ்வை' ஆகியவை பெண்ணிய அரங்கின் குரலையும் கொண்டுவந்தன. மரபை எடுப்பவர் யார், மரபில் பறையடித்தவருக்கும் பெண்ணுக்கும் என்ன இடம் இருந்தது என்ற கேள்விகள் இவர்களால்தான் அரங்கின் நடுவே வந்தன.

கூத்துக்காரர்கள் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். புரிசைக் குழு பிரெக்டையும், மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவர் கதையையும் கூத்தாக ஆடியது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் முன்னின்று 1990இல் உருவாக்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்திப் பெண் பிள்ளைகளையும் கட்டை கட்டி ஆட வைத்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த களத்தில் இது எந்த மேடை உத்தியையும் விடப் பெரிய பரிசோதனை.

உழைப்பாளி எங்கே போனார்?

கேள்வியின் இரண்டாம் பாதி வீதி நாடகத்துக்குப் போனது. டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் நடத்திய 'மெஷின்' இதற்கு உச்ச உதாரணம். சைக்கிள் நிறுத்த இடமும், தேநீருக்கு ஒரு கேன்டீனும் கேட்ட தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூடு அதற்குப் பின்னணி. பதின்மூன்று நிமிட நாடகம். நடிகர்கள் சேர்ந்து, ஒரே தாளத்தில் அசைந்து, ஒலி எழுப்பி, ஓர் இயந்திரமாக நிற்கிறார்கள். இயந்திரம் திடீரென நின்றுவிடுகிறது. நின்றது ஏன் என்பதே நாடகம். போப்போவாவின் சக்கரமும் மெயர்ஹோல்டின் பயிற்சியும் இங்கே ஒன்றாகின்றன. கூடவே, 1922இல் கேட்கப்படாத கேள்வியும் வந்துவிடுகிறது: இந்த இயந்திரம் யாருக்காக ஓடுகிறது? அந்தக் குழுவின் சஃப்தர் ஹாஷ்மி 1989 புத்தாண்டு நாளில் சாகிபாபாத் தொழிற்பேட்டை அருகே நாடகத்தின் நடுவே தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார்.

தமிழகத்தில் பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984 முதல் இந்த வழியில் நடந்துவருகிறது. முற்போக்கு எழுத்தாளர்களின் கலை இரவுகள் வீதி நாடகத்துக்குப் பெருங்கூட்டத்தைத் தந்தன. ஈழத்திலோ கூத்துக்கும் உழைப்பாளிக்குமான இணைப்பு இன்னும் முன்பே நிகழ்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபின், அவர் மாணவர் சி. மௌனகுரு 'சங்காரம்' நாடகத்தில் வடமோடிக் கூத்தின் ஆட்டத்தையே உழைக்கும் வர்க்கத்தின் போராட்டத்துக்குக் கொடுத்தார். அரக்கர்களோடு பொருதும் கூத்து வீரனின் உடலில் தொழிலாளி நின்றார். 1985இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' உழவரின் உடலையும் போர்க்காலத் துயரத்தையும் ஒரே அசைவில் வைத்தது. சடங்கிலிருந்து வந்த வடிவம் சமகால உழைப்பைச் சுமக்காது என்று சொல்வோருக்கு இவை பதில்.

தமிழகத்தில் இரண்டு முகாம்களும் ஒன்றையொன்று ஐயத்தோடு பார்த்தன. வீதி நாடகத்துக்கு வடிவ நேர்த்தி இல்லை, முழக்கம்தான் என்றார்கள் ஒரு பக்கம். பரிசோதனை நாடகம் மேட்டுக்குடியின் புதிர் விளையாட்டு என்றார்கள் மறுபக்கம். இரண்டு குற்றச்சாட்டிலும் உண்மை இருந்தது. பயிற்சி ஒரு பக்கத்திலும் பிரச்சினை மறு பக்கத்திலும் தங்கிப்போனதே இருவருக்கும் நஷ்டம்.

தொழிற்சாலையை அப்படியே மேடையாக்கிவிட்டால் இந்த நஷ்டம் தீராது. மெயர்ஹோல்டின் மாணவர் ஐசென்ஸ்டைன் 1924இல் 'வாயு முகமூடிகள்' நாடகத்தை மாஸ்கோவின் உண்மையான வாயு ஆலைக்குள்ளேயே நடத்திப் பார்த்தார். மெய்யான இயந்திரங்களின் முன்னே நடிப்பு பொய்யாகத் தெரிந்தது, நாடகம் எடுபடவில்லை, அவர் சினிமாவுக்குப் போனார். பனைமரம் கயிலாயம் ஆவதற்குக் காரணம், அது கயிலாயத்தைப் போல இல்லாததுதான். தொழிற்சாலையையும் அப்படி ஒரு மரச்சட்டமாக, ஓர் ஏற்றமாக, சில உடல்களின் தாளமாகக் குறுக்கத் தெரிந்த நாடகக்காரர் வேண்டும்.

மறைமலைநகரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பட்டையில் இன்று கான்ட்ராக்ட் தொழிலாளர், வடமாநிலத்து இளைஞர், ஷிப்ட் பஸ்ஸில் உறங்கிப் போகும் பெண்கள் எனப் புதியதோர் உழைக்கும் கூட்டம் இருக்கிறது. அவர்கள் உடல் நாளெல்லாம் ஒரே அசைவைச் செய்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கவும், தாளத்தில் வைக்கவும், ஒரு கணம் நிறுத்திக் காட்டவும் தெரிந்த கலை பக்கத்துக் கிராமங்களில் உயிரோடு இருக்கிறது. அதை நகரத்துக்குக் கொண்டுவந்து நடிகருக்குச் சொல்லித்தரும் வேலையை ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவருபவர்களும் இருக்கிறார்கள். நிதிக்கும் அரங்குக்கும் காத்திருப்பதைவிட, ஒரு கூத்து வாத்தியாரையும் வேலை இழந்த ஓர் அசெம்ப்ளி லைன் தொழிலாளியையும் ஒரே பயிற்சிக் கூடத்தில் சேர்த்து வைப்பது எளிது. தமிழ்ப் பரிசோதனை அரங்கின் அடுத்த கட்டம் புதிய வெளிநாட்டு உத்தியிலிருந்து வரும் என்று நான் நம்பவில்லை. இந்த இருவரும் ஒருவர் அசைவை மற்றவர் கற்றுக்கொள்ளும் நாளிலிருந்துதான் வரும்.